வேறு வைத்த கணக்கு

என் வீட்டுக்காரருக்கு வரவு செலவு பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்று வாய்த்தது. எனக்குச் சனி பிடித்தது. வங்கி தரும் ஃபைலை அது அப்படியே ஏற்காது. வங்கி நாளை முன்னால் போடும். இதற்கு மாதம் முன்னால் வேண்டும். மாற்றாமல் ஏற்றினால் மே பன்னிரண்டில் வாங்கிய சிலிண்டர் டிசம்பர் ஐந்துக்கு ஓடிவிடும். தொகைக்கு நடுவே இருக்கும் கமாவையெல்லாம் வேறு களைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு நான்தான் இதைச் செய்துகொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளாம், அதனால் என் வேலையாம். துரை காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். வீடு அதே வீடுதான். அடுப்பும் செலவும் மட்டும் தனி. எங்களையும் மாமியார் நல்ல நாள் பார்த்து, அரிசி பருப்பு பாத்திரமெல்லாம் கொடுத்து, இரண்டாம் கட்டின் கோடியில் வேறு வைத்தார். அன்றிலிருந்து மாதம் பிறந்தால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் என் வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பிவிடுவேன். வீட்டுச் செலவெல்லாம் அதிலிருந்து போகும். மிச்சத்தில்தான் அரியக்குடியில் தனியாக இருக்கும் என் ஆத்தாவுக்கு மருந்து வாங்குவது.

போன சித்திரையில் என் கணக்கையும் அந்தச் சாஃப்ட்வேரில் ஏற்றச் சொன்னார். ஒளிக்க என்ன இருக்கிறது? ஏற்றினேன். வந்தது வினை. நான் அவருக்கு அனுப்பிய பணம் என் பக்கம் சிவப்பில் செலவாகவும், அவர் பக்கம் பச்சையில் வரவாகவும் வந்து நின்றது. இது ஒரே வீட்டுக்குள் கைமாறிய பணம் என்று குறித்துவிட்டால் போதும், சரியாகிவிடும். கரடியாகக் கத்தினேன். மனிதர் கேட்டால்தானே! அந்தக் கணக்கின்படி அவர் சம்பாதிக்கிறவர், நான் அழிக்கிறவள். அது அவருக்கு வெல்லமாக இனித்தது.

ஒரு நாள் என் கண் முன்னாலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமியாரிடம் போனார்.

"இவ கையில காசு நிக்கல ஆத்தா. அடுத்த மாசத்துலேருந்து சம்பளம் நேரா என் கணக்குக்கு வரட்டும்."

மாமியாருக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பள்ளியில் கொடுக்க வேண்டிய தாளைக்கூட அடித்துத் தயாராக வைத்திருந்தார் இவர். என் கையெழுத்துதான் பாக்கி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என் ஆத்தாவின் மருந்துக்கு இவரிடம் கையேந்தி நிற்க வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். ஆனாலும் நான் ஆக்கிய சோறு மட்டும் அவர் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் தேதி காலையில் தலைக்குக் குளித்தேன். ஒரு படி அரிசி, கொஞ்சம் பருப்பு, சின்ன குக்கர், கரண்டு அடுப்பு எல்லாவற்றையும் அவர் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வரிசையாக வைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஒங்கள வேறு வச்சுட்டேன். இனிமே ஒங்க அடுப்பு ஒங்களுக்கு, ஒங்க ஃபைலு ஒங்களுக்கு. இதுக்கு மேல என்ன வேணும், சொல்றீகளா?"

வேறு வைத்த அடுப்பில் அடுத்தவர் தலையிடக் கூடாது என்பது மாமியாரே போட்ட சட்டம். மகனுக்கு ஒரு வேளை சோறு போட்டார். மறுவேளை இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, தனியாகப் போன பிள்ளைக்குத் தினமும் உலை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்காக அல்ல, அவருக்கு முட்டிவலி.

மாதக் கடைசியில் என் வீட்டுக்காரரே ஃபைலை மாற்ற உட்கார்ந்தார். தேதியெல்லாம் திக்குக்கொன்றாகப் போனது. இன்னும் பிறக்காத டிசம்பரில் அவர் புரோட்டா தின்றதாகக் காட்டியது. வங்கியைத் திட்டி, சாஃப்ட்வேரைத் திட்டி, சாடையாக என்னையும் திட்டி, பொழுது சாயும்போது ஒருவழியாக முடித்தார். பிறகும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். கடைசியில் என் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஃபைல்ல என்னமோ விட்டுப்போச்சு. இந்த மாசம் என் வரவு கொறையுது."

குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் விட்டுப்போகல. அது ஒங்க வரவு இல்ல, என் சம்பளம்."