துடைக்க ஆளில்லாமல்

நான் சாராயம் குடித்தவன் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

மதுவிலக்கு இருந்த காலம். குடித்துவிட்டுப் போலீசில் மாட்டினால் கேஸ். எங்கள் கிறிஸ்தவ சபையில் அதைவிட மோசம், குடிகாரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்குப் பெருங்களத்தூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பா அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பார், கோயிலைப் பெருக்கிப் பூட்டுவார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. எங்களுக்கு முதல் ஓலை முடிந்திருந்தது.

சிட்லபாக்கம் ஏரிக்குக் கீழே நெல் வயல். அதில் பெரும் பாகம் ஒருத்தருடையது. அவரை எல்லாரும் ஐயா என்போம். அவர் வயலுக்குக் கூலிக்குப் பூச்சி மருந்து தெளிப்பேன்.

அந்தப் போகத்துக்குப் புது மருந்து வாங்கி வந்திருந்தார். டப்பாவில் மண்டை ஓடு படம். கலக்க ஒரு குச்சியும், மூக்கில் கட்டத் துணியும் கேட்டேன்.

"குச்சி எதுக்குடா? கையி இன்னா கரைஞ்சா பூடும்?" என்றார்.

கையால் கலக்கினேன். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராகத் தெளித்தேன். உச்சி வெயில் ஏறுவதற்குள் வாயில் தண்ணீர் நிற்கவில்லை. கண்ணிலும் தண்ணீர். பார்வை புகை மூட்டமானது. சட்டை நனைந்தது, வாந்தி வந்தது, வேட்டியும் நனைந்தது. வரப்பில் விழுந்தேன். காது மட்டும் கேட்டது.

"போட்டுட்டு வந்துகீறான். யாரும் தொடாதீங்க. போதை தெளியட்டும்." ஐயாவின் குரல்.

வெயிலில் கிடந்தேன். கூடத் தெளித்துக்கொண்டிருந்த என் கூட்டாளிதான் குனிந்து என் வாயை மோந்து பார்த்தான். "சாராயமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, மருந்து நாத்தம்தான் அடிக்குது" என்று கத்தினான். மாட்டு வண்டியில் போட்டுத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா என் கண்ணைப் பிரித்துப் பார்த்தார். கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்ததாம். வாய் காயும்வரை ஊசி மேல் ஊசி போட்டார்கள்.

எழுந்து உட்கார்ந்தபோது கேட்டேன். "அந்த மருந்து இன்னாம்மா பண்ணுச்சு என்னை?"

"உன்னை நேரா ஒண்ணும் பண்ணலப்பா. உன் நரம்பு எப்பவும் ஒரு நீரைக் கக்கும். எச்சில் ஊறு, வேர்வை விடுன்னு அதுதான் உடம்புக்குச் சொல்லும். சொன்ன உடனே அதைத் துடைச்சுடறதுக்கு உடம்புக்குள்ளயே ஒரு ஆள் இருக்கான். மருந்து அந்த ஆளைக் கட்டிப் போட்டுடுச்சு. துடைக்க ஆளில்லை. நீர் அங்கேயே நின்னு, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இது மட்டும் புரிந்தது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஐயா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், குடித்துவிட்டு மருந்து தெளித்தான் என்று. மருந்து என்றால் அவர் பதில் சொல்ல வேண்டும். சாராயம் என்றால் நான் சொல்ல வேண்டும். பேச்சு பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை.

கோயில்பிள்ளையிடம் போனேன். என் கையைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் உன்னை நம்புறேன் தம்பி. சபை நம்பல. அந்தப் பெரிய மனுசன் வாயால வந்துச்சு. அவர் வாயாலதான் போவணும்."

அன்றே ஐயாவிடம் போனேன். சிரித்தார். "சொன்னது சொன்னதுதான். போய் எவனாவது குடிகாரன் பொண்ணாப் பாரு."

அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளைத் தொட வேண்டாம். துடைக்கிறவனைக் கட்டினால் போதும். ஐயா வயலில் பூச்சியைத் துடைக்கிறவர்கள் நாங்கள்தான்.

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று நடந்தேன். மருந்து தெளிக்கிற ஒவ்வொருத்தனிடமும் என் கையை நீட்டிக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்து ஐயா ஆள் தேடியபோது முதலில் என் கூட்டாளிதான் போய் நின்றான். "ஐயா, நீங்க ஒரு தபா கையால கலக்கிக் காட்டுங்க. அப்பால நாங்க இறங்குறோம்." ஐயா துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டாராம். பிறகு யாரும் போகவில்லை.

அந்தப் போகத்தில் புகையான் விழுந்தது. நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு குடிக்கிற பூச்சி. வயல் வட்டம் வட்டமாக நெருப்பு வைத்தது போலக் காயும். ஐயா வயலில் ஒரு வட்டம் இருந்தது. பிறகு பல.

ஐயாவின் வில்வண்டி என் குடிசை முன் வந்து நின்றது.

"இன்னாடா வோணும் உனக்கு?"

"ஞாயித்துக்கெழம பெருங்களத்தூர் கோயிலுக்கு வாங்க. சொன்னத எல்லார் முன்னாலயும் திரும்ப எடுத்துக்குங்க."

வந்தார். ஆராதனை முடிந்து சபை வெளியே வந்தது. வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு முனகினார். "அவன் குடிக்கல. மருந்துதான்."

கோயில்பிள்ளை காதில் கை வைத்தார். "மணி அடிச்சு அடிச்சு காது போச்சுங்க. இன்னொரு தபா?"

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஐயா கத்திச் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

வண்டி ஏறும்போது என்னைப் பார்த்தார். "விடிஞ்சதும் வந்துடு. நீ இறங்குனா மத்தவனும் இறங்குவான்."

"எங்கீங்க?"

"வயலுக்குத்தான்டா!"

"வரேன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

அவர் முகம் போன போக்கை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். கையை நீட்டிக் காட்டினேன். "உங்க மருந்து கலக்குன கைங்க ஐயா. இன்னும் நடுங்குது."

மீதி ஓலையும் வாசித்தார்கள். கல்யாணம் முடிந்து அவளை வண்டியில் அழைத்து வந்தபோது ஏரிக்கரை வழியாகத்தான் வந்தோம். கீழே ஐயா வயல் முழுக்கக் கருகிக் கிடந்தது. வைக்கோலுக்குக்கூட ஆகாது.

அவள் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"போதுமா?" என்றாள்.

"போதாது."

வண்டிக்காரனை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.