அரைப்பேர், முழுப்பேர்

பூண்டுலோயா பஸ்ஸில் சீட் கிடைத்தும் அன்று காலை என்னால் உட்கார முடியவில்லை. அவ்வளவு துடிப்பு. ஹட்டனில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த ஏஐ உதவியாளர் முதல்முறையாக ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வேலை செய்யப் போகிறது. தமிழில் பேசினால் போதும், தொழிலாளர் பதிவேட்டைத் தானே திறந்து படிக்கும், சொன்னதைத் திருத்தும்.

அந்தத் 'திருத்தும்' என்ற இடத்தில்தான் எனக்கும் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கும் ஒரு வாரமாகச் சண்டை. படிக்க அதற்கு நான் தடையே வைக்கவில்லை. எதையாவது மாற்றுவதென்றால் மட்டும், மாற்றப் போவதைத் திரையில் காட்டிவிட்டு, யாராவது 'சரி'யை அழுத்தும்வரை அது காத்திருக்க வேண்டும். "ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு அமுக்கிக்கிட்டு இருக்கவா இத வாங்குனோம்? தொறந்து விடுங்க மிஸ்," என்றார். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று பெரட்டில் ஓர் அம்மா, வேலைக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையின் முன்னால் வந்து நின்றார். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். "ஐயா, நேத்து நாள் பூரா கொழுந்து எடுத்திருக்கேன். அரைப்பேர் போட்டிருக்கீங்களே."

எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அரைப்பேர் என்றால் அரை நாள். கணக்கப்பிள்ளை தன் பிழைதான் என்று உடனே ஒத்துக்கொண்டு, எங்கள் உதவியாளர் இருந்த போனை எடுத்தார். "இவங்க அரைப்பேர முழுப்பேரா மாத்து," என்றார்.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். அரைப்பேர் என்பதை அது சுருக்கிய பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் பெயரில் முதலெழுத்தை எடுத்துவிட்டு அப்பா பெயரை முழுதாக எழுதவா என்று கேட்டது. அது போதாதென்று, தோட்டத்தின் அந்த டிவிஷனில் முதலெழுத்துப் போட்ட எல்லோருக்கும் இப்படியே திருத்திவிடவா என்றும் கேட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்த நான் அந்த ஒரு சொல்லை அதற்குச் சொல்லித்தர மறந்திருந்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

கணக்கப்பிள்ளையின் விரல் 'சரி'க்குப் பக்கத்தில் போய்விட்டது. "அமுக்காதீங்க!" என்று கத்தினேன். பெரட்டே திரும்பிப் பார்த்தது.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடையாள அட்டையில் ஒரு பேர், பதிவேட்டில் ஒரு பேர் என்று கிடந்ததை ஒன்றாக்க, சத்தியக்கடதாசியும் கையுமாக இரண்டு வருஷம் நுவரெலியா அலுவலகங்களுக்கு அலைந்தவர் அவர். போன மாதம்தான் காரியம் முடிந்திருந்தது. பேர் மறுபடி மாறியிருந்தால் ஓய்வு பெறும்போது அவருக்குக் கிடைக்க வேண்டிய சர்வீஸ் காசு அங்கேயே நின்றிருக்கும்.

கணக்கப்பிள்ளை 'வேண்டாம்' அழுத்திவிட்டு, அரைப்பேரைத் தன் கையாலேயே முழுப்பேராக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் போட்ட பூட்டு காப்பாற்றிவிட்டது! "பாத்தீங்களா?" என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். "இருக்கட்டும் மிஸ், தொறக்க வேணாம்," என்றார் மெதுவாக.

அந்த அம்மா மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் புள்ள, பேரு என்னோடது. மாத்தவான்னு அவருகிட்ட எதுக்குக் கேக்குது?"

ஒரு வாரச் சண்டையில் இது எனக்கும் தோன்றவில்லை, கிளாக்கருக்கும் தோன்றவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, பேரை மாற்ற யாரிடம் 'சரி' கேட்க வேண்டும் என்ற இடத்துக்குப் போனேன்.

"உங்க போன் நம்பரச் சொல்லுங்கம்மா," என்றேன்.