ஸ்டென்சிலில் நின்றுபோன ஊர்ப்பெயர்

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அங்கே இருந்த ஒரே பெண்ணும் நான்தான். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்தவர்களை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ் அடிப்பதுதான் அன்றாட வேலை. அதே பதினாறு வரி. பெயர், ஊர், தேதி மட்டும் மாறும். ஒரு நாளைக்கு அறுபது முறை அதையே அடித்துப் பாருங்கள், மெஷினைத் தூக்கி ஜன்னல் வழியே எறியத் தோன்றும்.

எரிச்சல் தாங்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். பதினாறு வரியையும் ஒரே மெழுகு ஸ்டென்சிலில் அடித்து, மாறும் இடங்களைக் காலியாக விட்டேன். சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிச் சுற்றினால் அரைமணியில் நூறு நோட்டீஸ்! காலி இடங்களைப் பேனாவால் நிரப்பினால் போதும். அதிகாரியே பாராட்டினார். நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த மாதம் அதே ஸ்டென்சிலில் கிளியனூர், பிரம்மதேசம், பெருமுக்கல் பக்கத்து மனுதாரர்களுக்கு நோட்டீஸ் எடுத்து அனுப்பினேன்.

விசாரணை நாளன்று பதினோரு மணியாகியும் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவரும் வரவில்லை.

"மனை குடுக்கறோம்னா கூட வர மாட்டேங்கறாங்களே! எல்லாத்தையும் தள்ளுபடின்னு எழுதுங்க" என்றார் அதிகாரி.

எழுதுவதற்காக அலுவலகப் பிரதியை எடுத்தேன். விசாரணை நடக்கும் இடம், விழுப்புரம்! முதல் மாத விசாரணை அங்கேதான் நடந்தது. இடமும் மாறும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

கையெழுத்து அதிகாரியுடையது, நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மனு தள்ளுபடியாகிவிட்டால் அவர்கள் மறுபடி எத்தனை வருஷம் நடப்பார்களோ? சொல்லிவிட்டேன்.

"அத்தனையுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்கம்மா. அஞ்சு மணி வரைக்கும் ஃபைலை மூடமாட்டேன்."

பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். பூட்டிய கட்டடத்தின் முன்னால், வெயிலில், நாற்பது பேர் குந்தியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பெருமுக்கலிலிருந்து வந்த ஒரு கூலிக்காரப் பெண்மணி எழுந்து வந்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு? திண்டிவனத்துலதான் எறங்கி பஸ்ஸு மாறிக்கினு வர்றோம். நடவ வுட்டுட்டு வந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நாலு பேருகிட்ட காட்டுனேன், நாலு பேரும் விழுப்புரம்னுதான் சொன்னாங்க. நீ அடிச்ச எழுத்த நம்பாம வேற யார நம்புறது?"

தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

"சரி, ஜல்தியா வா, பஸ்ஸு போயிடப் போவுது" என்று அவரே எல்லோரையும் கிளப்பினார்.

இரண்டு பஸ்களில் திரும்பினோம். வழியெல்லாம் திட்டு வாங்கினேன். நாலரைக்கு விசாரணை தொடங்கியது. அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கடைசி ஆள்வரை விசாரித்தார். வெறுத்துப்போய் முன்பே ஊர் திரும்பிவிட்ட பிரம்மதேசத்துக்காரர் ஒருவருக்கு வேறு தேதி வாங்கி, அந்த நோட்டீஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒவ்வொன்றாக அடித்து ஒன்றில் தப்பு செய்திருந்தால் ஒருவர் அலைந்திருப்பார். என் சாமர்த்தியம் நாற்பது பேரை அலையவிட்டது. வேலையைச் சுலபமாக்க எந்த வழி கண்டாலும், அந்தக் காகிதத்தை நம்பி யாரோ ஒருவர் பஸ் ஏறப்போகிறார் என்ற பயம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.