தலையில் இரண்டு கறுப்புப் பட்டை

மாசிக் கடைசி. விடிந்தும் பனி விலகவில்லை. அறுத்த நெல்வயலில் ஒரு பெரிய வாத்து நின்றது. சாம்பல் நிறம், மஞ்சள் மூக்கு. ரொம்பச் சோர்ந்திருந்தது. என் மனைவி கூடையைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டாள்.

"எந்த ஊட்டுதோ. தேடிக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

எங்கள் மலையில் வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் சிலர் வாத்து வளர்க்கிறார்கள். வழி தப்பி வந்த ஆடு மாட்டைக் கட்டிப்போட்டுச் சேதி அனுப்புவது எங்கள் வழக்கம். அடையாளம் சொல்கிறவர் ஓட்டிப் போகலாம். வாத்துக்கும் அதையே செய்தோம். பலா மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலில் முடிந்தாள். ராகி போட்டாள். தொடவில்லை, புல்லைத்தான் மேய்ந்தது.

மேட்டு வீட்டுக்காரர் வந்தார். "என்னுதுதான்."

"தலையில என்ன அடையாளம் மாமா?" என்று மனைவி கேட்டாள்.

"தலையில என்ன இருக்கும்? கொண்டைதான்."

"கொண்டை உங்க சேவலுக்கு. கொழம்பு வைக்கத்தானே வந்தீங்க?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். வெள்ளைத் தலை, பிடரியில் இரண்டு கறுப்புப் பட்டை. அதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வானத்தில் சத்தம். பெரிய பறவைகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. எங்களுடையது கழுத்தை நீட்டிக் கத்தியது. ஓடி எழும்பியது. கயிறு இழுத்துக் கல்மேல் போட்டது. திரும்பவும் எழும்பியது. நாங்கள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் இடது இறக்கை தொங்கிவிட்டது.

மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். பைக்கை நிறுத்தும்போதே கேட்டார்: "பிடரியில ரெண்டு கறுப்புப் பட்டை இருக்குதுங்களா?"

"அடையாளம் சரியாச் சொல்லிட்டீங்க. உங்களுதுங்களா?"

"யாருதும் இல்லீங்கம்மா. காட்டு வாத்து. பட்டைத்தலை வாத்தும்பாங்க. குளிருக்கு இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து கீழ்நாட்டு ஏரிக்கெல்லாம் வரும். வெயில் ஏறுனா திரும்பிரும். வருசா வருசம் நடக்கறதுதான். இளைப்பாற எறங்கியிருக்கும்."

"அவுத்து உட்டாப் போயிருமுங்களா?"

இறக்கையைத் தடவிப் பார்த்தார். "நேத்து அவுத்திருந்தாப் போயிருக்கும்."

வனத்துறைக்குச் சொன்னார். மத்தியானம் வருகிறோம் என்றார்கள்.

மனைவி முடிச்சை அவிழ்த்தாள். அது முன்பு கயிறு எட்டிய தூரம் வரைதான் நடந்தது. அங்கேயே உட்கார்ந்தது. ஜீப் வருவதற்குள் செத்துவிட்டது.

மறுநாள் காலையிலும் மேலே சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.