ஹட்டன் பஸ்ஸில் நான் சொன்ன பொய்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பில் ஹட்டன் பஸ் ஏறினேன். டிக்கெட் 580 ரூபாய். பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். நோர்வூட் பக்கத்துத் தேயிலைக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வைத்திருப்பதா, விற்பதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியிருந்தது. வளைகுடாவில் போர் மூளும் என்று ஒரு வாரமாகப் பேச்சு. நம் தேயிலையில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் போகிறது.

ஏழரைக்கு அவிசாவளையில் பஸ் நின்றுவிட்டது. விலை ஏறிவிடும் என்ற பயத்தில் பெட்ரோல் ஷெட்டுக்கு வந்த வாகனங்கள் பாதி வீதியை அடைத்திருந்தன. அப்போது என் வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார்.

"கையில இருக்கிறத வித்துட்டுத் தங்கத்தில போடுங்க. ரெண்டு மூணு நாள்ல சண்டை தொடங்கும். தொடங்கினா நமக்கு நல்லதுதான்" என்றேன். சிரித்தும் இருப்பேன்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கினிகத்தேனை வரை பேசாமல் வந்தவர், மலை ஏறத் தொடங்கியதும் கேட்டார்.

"ஐயா, சண்டை வந்துருமாங்க? எம் மக குவைத்துல வீட்டு வேலைக்கு இருக்கா."

எனக்கு முகம் சுட்டது. "அப்படி ஒண்ணும் வராதும்மா. சும்மா மிரட்டல்."

"போன்ல வேற மாதிரி பேசுனீங்களே?"

"அது வியாபாரப் பேச்சு."

அவர் நம்பினார். பெயர் முத்துலெட்சுமி, நோர்வூட் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர் என்று சொன்னார்; தோட்டத்தின் பெயரையும் சொன்னார். உடனே மகளை அழைத்தார். "விவரம் தெரிஞ்ச ஐயா ஒருத்தரு சொல்றாரு, சண்டை வராதாம். நீ அங்கயே இரு" என்றவர், போனை என்னிடம் நீட்டினார்.

"சார்," என்றாள் மகள், "ஊருக்குப் போறதுன்னா நாளைக்கே அனுப்புறேங்கிறாங்க. போயிட்டா திரும்ப எடுக்க மாட்டாங்களாம். இன்னும் எட்டு மாசம் வேலை இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

இரண்டு வளைவுகள் கடந்தன. "அம்மாகிட்ட நான் சொன்னது பொய், தங்கச்சி. தொடங்கும்னுதான் நினைக்கிறேன். நானா இருந்தா வந்துடுவேன்."

முத்துலெட்சுமி போனை வாங்கிக்கொண்டார். பதினொன்றே காலுக்கு ஹட்டனில் இறங்கும்போது அவருடைய பையை எடுத்துத்தரக் கை நீட்டினேன்.

"வேணாங்க. நானே எடுத்துக்கிறேன்."

அடுத்த இரண்டு நாளும் தொழிற்சாலையில் கழிந்தன. கப்பல் ஏறாத தேயிலை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வேலை நாளைக் குறைக்கப் போவதாக மேலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார். 'விற்கலாம்' என்று எழுதினேன்.

ஞாயிறு காலை சண்டை தொடங்கிவிட்டது. குவைத் விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள் என்றது செய்தி. மகள் வந்துவிட்டாளா என்று பார்க்க, நோர்வூட்டிலிருந்து ஆட்டோ பிடித்து முத்துலெட்சுமியின் தோட்டத்துக்குப் போனேன். நாலு கிலோமீட்டர், 600 ரூபாய். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்த துணிகளை மகள் சுகந்தி வெயிலில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருக்கிறாள்.

"போன்ல பேசுனது நீங்கதானா சார்? நீங்க சொல்லலேன்னா அங்கயே இருந்திருப்பேன்."

முத்துலெட்சுமி உள்ளே போய்ப் பிளேன்டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சுகந்தி துணியை உதறியபடியே சொன்னாள்: "எங்கூட வேலை செஞ்ச மாத்தளை அக்காவும் வர்றேன்னுதான் சொன்னாங்க. சண்டை வராதுன்னு யாரோ தெரிஞ்சவங்க உறுதியாச் சொல்லிட்டாங்களாம். நின்னுட்டாங்க."

அப்படிச் சொன்னவரும் ஆறுதலுக்குத்தான் சொன்னதாக நினைத்திருப்பார். கோப்பையைப் பிடித்தபடி நின்றேன்.

"குடிங்கய்யா, ஆறிடும்" என்றார் முத்துலெட்சுமி.

பகல் ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். கூட்டம் இல்லை. கொழும்பு வந்து சேர்வதற்குள் மூன்று வாடிக்கையாளர்கள் அழைத்து, நான் சொன்னபடியே நடந்துவிட்டதென்று நன்றி சொன்னார்கள். அந்த மூவரிடமும் மாத்தளைப் பெண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.