பாடகர் பட்டியலில் அடித்த பெயர்

காலை 9.40. கே.கே. நகரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ. ஒன்பது கிலோமீட்டர், 240 ரூபாய். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு நான் செயலாளர். மார்த்தா என்ற போலந்துப் பெண் எங்கள் உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தன் நாட்டுப் பாடகர் சங்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். அதற்கு எங்கள் பெயர்கள் எதற்கு? என் கணவருக்கும் சந்தேகம்தான். டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: “எதுலயும் கையெழுத்து போட்டுக்கினு வராதீங்க மேடம்.”

10.15. இரண்டாவது மாடி. மார்த்தா டீ கொடுத்தார். பதிவேட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவர் தன்னிடமிருந்த பழைய சங்கப் பதிவேட்டின் நகலை முதலில் விரித்தார். போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லாத காலம். ஜெர்மனிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போன போலந்துத் தொழிலாளர்கள் மாலையில் கூடிப் பாடினார்கள். பள்ளியில் கிடைக்காத தாய்மொழியைப் பிள்ளைகள் பாட்டில் கற்றார்கள். ஜெர்மன் போலீஸ்காரர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாராம்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. மார்த்தாவின் கொள்ளுத்தாத்தா. போலீசுக்குத் தகவல் சொன்னார் என்று சந்தேகித்து நீக்கிவிட்டார்களாம்.

உண்மையாகவே சொன்னாரா என்று கேட்டேன்.

“தெரியாது. அவரிடம் யாருமே கேட்கவில்லை” என்றார், ஆங்கிலத்தில்.

பையிலிருந்து என் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. அங்கேயும் ஓர் அடித்த பெயர்: செல்வராஜ், கட்டைக்குரல். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் குழுவைப் பற்றி மறைமாவட்ட மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அவர்தான் என்று நாங்களாக முடிவு செய்தோம். கோடு போட்டது நான். மார்த்தாவிடம் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

12.30. பேருந்தில் சைதாப்பேட்டைக்கு, செல்வராஜ் வீட்டுக்கு. பெண்களுக்குக் கட்டணமில்லை. அவர் இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

“யாரு அனுப்புனாங்க?”

“யாரும் அனுப்பல, சார். அந்த லெட்டர் நீங்க எழுதினதான்னு கேக்க வந்தேன். அன்னைக்கே கேட்டிருக்கணும்.”

“இல்ல” என்றார்.

ஞாயிறு நாலரைக்குப் பயிற்சி என்று சொன்னேன். கே.கே. நகர் வந்து சேரும்வரை அவரை நம்புகிறேனா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பதிவேட்டில் அவர் பெயரைக் கடைசி வரியில் திரும்ப எழுதினேன்.