பேராசிரியர் ரங்கநாதனின் நிலக்கரி நகரம்

பேராசிரியர் ரங்கநாதன் இறந்துவிட்டார் என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னார். "அருமையான மனுசன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.  நான் இறுதிக் கிரியைக்குப் போகவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லிவிடுவதே மரியாதை.

மொன்றியலின் லாசால் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலம் அது. அகதியாக இங்கே வருமுன் யப்பானில் ஐந்து வருடம் படித்தவன். ரங்கநாதன் பொருளியல் பேராசிரியர்; யப்பானிய மொழி அறியாதவர். வட யப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள ஒரு நிலக்கரி நகரத்தைப் பற்றிப் புத்தகம் எழுத, என்னை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போனார்.

நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் வந்தபின் அந்த நகரத்தின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சனம் வெளியேறியது. நகரசபை கடன்பட்டு, பழைய சுரங்க வாசலில் அருங்காட்சியகமும் கேளிக்கைப் பூங்காவும் கட்டியது. ரங்கநாதன் பூரித்துப்போனார். "இந்த ஊருக்கு அழத் தெரியாது. அதான் பிழைச்சுது" என்பார்.

பூங்கா உணவகத்தில் தட்டுக் கழுவிய ஒரு பெண்ணிடம் பேசினோம். சுரங்க விபத்தில் கணவரை இழந்தவர். பேசும்போதே அழுதார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: "அவர் செத்த இடத்துக்கு மேல ராட்டினம் சுத்துது. வேலை நாளில அதில ஏற ஆளில்லை. பிள்ளையளும் ஊரை விட்டுப் போட்டுதுகள்."

ரங்கநாதன் குறிப்பேட்டை மூடினார். "புது வேலையில திருப்தியா இருக்காங்கன்னு போட்டுக்கறேன்."

"சேர், அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"நீங்க மொழிபெயர்க்க வந்திருக்கீங்க. தீர்ப்புச் சொல்ல இல்ல."

புத்தகத்தில் அந்தப் பெண் மகிழ்ச்சியோடு வேலை செய்தார். மொழிபெயர்ப்பு என்று என் பெயர் அச்சாகியிருந்தது.

மொன்றியலில் நடந்த வெளியீட்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். மண்டபம் நிறைய எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம். "ஊர் போச்சுன்னு உக்காந்து அழாதீங்க. அந்த ஜப்பான்காரங்களைப் பாருங்க" என்றார் ரங்கநாதன். நான் எழுந்தேன்.

"அந்த மனுசி அழுதவ. நான் பக்கத்தில இருந்தனான்."

அவர் புன்னகைத்தார். "நண்பர் பெட்டி ஒட்டற இடத்துலேர்ந்து நேரா வந்திருக்கார். களைப்பா இருக்கும்."

மண்டபம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

அதன்பின் அவரோடு நான் கதைக்கவில்லை. போன கோடையில் ஜான்-டலோன் சந்தையில், தக்காளிக் கடையருகே அவராகவே வந்தார். மெலிந்திருந்தார்.

"அந்தப் பூங்காவுல கூட்டமே இல்லையாம். படிச்சேன்."

"அப்ப, அடுத்த பதிப்பில திருத்துங்கோ."

"திருத்தினா புத்தகத்துல என்ன மிஞ்சும்?"

"அந்த மனுசி சொன்னது மிஞ்சும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை.

அறியாமல் எழுதியவர் என்றால் எப்போதோ மறந்திருப்பேன். அறிந்தே எழுதினார், எழுதியதை அப்படியே விட்டுப் போனார். செத்தவரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் உள்ள நல்லது ஒன்றே: கடைசிச் சந்திப்பில் அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அதை வைத்திருக்கிறேன். அதோடு மன்னிப்பையும் சேர்த்து வைக்க என்னால் முடியவில்லை.